ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு வீட்டுக் கொட்டகையில் ரோலர் பெயிண்ட்: செய்யலாமா, கூடாதா?

காவேரிப்பட்டணம் ஹெரால்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமாவிடமிருந்து என் கைக்கு வந்து சேர்ந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 காருக்கு, எங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே ஸ்பாஞ்சு ரோலரால் பெயிண்ட் அடிக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் சென்னையில் தயாரித்த நான்கு கதவு வண்டி இது, ஆர்.சி. புத்தகத்தில் 1970 என்று இருக்கிறது. டிங்கரிங் வேலை முடிந்து, கதவுக்குக் கீழே துரு தின்ற இடங்களில் புதிய தகரம் வைத்துப் பற்றவைத்தாகிவிட்டது. மற்ற இடங்களில் பழைய பெயிண்ட் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் வெயிலில் வெளுத்துப்போய், கையால் தடவினால் மாவாக வருகிறது.

கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் வாடகைக்குக் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். தடை வேறு. கொட்டகையை ஒட்டியே சமையற்கட்டும் மாட்டுத் தொழுவமும் இருப்பதால், காற்றில் புகையாகப் பரவும் பெயிண்டை அங்கே அனுமதிக்க முடியாது. ரோலரில் அந்தத் தொல்லை இல்லை. ஓய்வு கிடைக்கும்போது ஒரு கதவு, இன்னொரு நாள் டிக்கி மூடி என்று துண்டு துண்டாகச் செய்துகொள்ளலாம். ஹெரால்டின் அமைப்பும் இதற்கு இடம் கொடுக்கிறது. தனிச் சேஸிஸின் மேல் போல்ட் போட்டுப் பொருத்திய உடல் என்பதால், முன் மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாகத் திறக்கும் பானெட்டை முழுவதும் கழற்றித் தரையில் வைத்தே அடிக்க முடியும்.

அமெரிக்காவில் துருத்தடுப்பு எனாமலை நீர்க்கக் கலக்கி ரோலரால் காருக்கு அடிக்கும் முறை பல ஆண்டுகளாகவே வழக்கத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கடையில் கிடைக்கும் சிந்தெடிக் எனாமல், மினரல் டர்பன்டைன், நான்கு அங்குல ஸ்பாஞ்சு ரோலர் ஆகியவற்றைக் கொண்டு செய்யும் வேலை நம் வெயிலுக்கும் தூசிக்கும் தாக்குப்பிடிக்குமா என்பதே என் கேள்வி. செய்தவர்களும், செய்யவே கூடாது என்பவர்களும் காரணத்தோடு எழுதினால் உதவியாக இருக்கும்.

பாலக்கோடு பட்டறை எழுதியது:

தம்பி, கன் பிடித்துப் பழகிய கை என்னுடையது என்றாலும் ரோலரைக் கேலி செய்ய மாட்டேன். பெயிண்ட் வேலையில் பெரும்பங்கு, டின்னைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்தப் பங்கை எந்தக் கருவியும் குறைத்துத் தராது. என் ஆட்சேபம் ரோலரைப் பற்றியதன்று, எனாமலைப் பற்றியது. கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் பெயிண்டைக் காருக்கு அடித்தால், நாளைக்கு யாராவது நல்ல பெயிண்ட் அடிக்க நினைக்கும்போது அதை அடிவரைக்கும் சுரண்டி எடுத்தாக வேண்டும். எனாமலின் மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டோ, ஹார்டனர் கலந்து இறுகவைக்கும் டூ-கே வகைப் பிரைமரோ பட்டால், அதிலுள்ள தின்னர் உள்ளே இறங்கி, எனாமல் சுருங்கித் தோலாகக் கிளம்பிவிடும். ஆகவே இந்த வண்டிக்கு இதுவே கடைசிப் பெயிண்டா, அல்லது இடைக்கால ஏற்பாடா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அடுத்து, இப்போது வண்டியில் இருப்பது என்ன பெயிண்ட் என்று தெரிந்துகொள்ளுங்கள். டிக்கி மூடியின் உட்புறம் போன்ற மறைவான இடத்தில், என்.சி. தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்துப் பிறகு தேய்த்துப் பாருங்கள். நிறம் கரைந்து துணியில் தாராளமாக ஏறினால் அது டூக்கோ என்று நாம் சொல்லும் பழைய என்.சி. பெயிண்ட். கரையாமல் சுருக்கம் விழுந்து நொய்ந்துபோனால் எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் பிற்காலத்தில் யாரோ டூ-கே அடித்திருக்கிறார்கள். மினரல் டர்பன்டைன் வீரியம் குறைந்தது என்பதால், எனாமல் இந்த மூன்றின் மேலும் சுருங்காமல் உட்காரும். உங்கள் திட்டத்துக்குச் சாதகமாக நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

பெயிண்ட் பெயர்ந்த இடங்களை 220 உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால், வெளியே மேல் நிறம், அதற்குள் பழைய நிறம், பிறகு சாம்பல் பிரைமர், நடுவில் தகரம் என்று வளையம் வளையமாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை அந்த வளையங்களின் குறுக்கே ஓட்டுங்கள். விரல் எங்கே தட்டுகிறதோ அங்கே வேலை பாக்கி இருக்கிறது. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் இடத்தில் விரலுக்கு மேடு தட்டும். பெயிண்ட் ஏறிய பிறகு அந்த மேடு கண்ணுக்கும் தெரியும்.

ஒசூர் ரசாயனம் எழுதியது:

பட்டறை அண்ணன் சொன்னவை அனைத்தும் சரி. அவற்றின் காரணத்தை விளக்கினால் ஹெரால்டு நண்பருக்கு முடிவெடுக்க எளிதாக இருக்கும்.

அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 1923-இல் டூக்கோ என்ற வணிகப் பெயரில் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட், கார் தொழிற்சாலைகளின் பெரிய தலைவலியைத் தீர்த்தது. அதற்கு முன்பு எண்ணெய் வார்னிஷைத் தூரிகையால் பல பூச்சுகள் அடித்து, ஒவ்வொன்றும் காய வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். என்.சி. பெயிண்டில் கரைப்பான் ஆவியானதும் வேலை முடிந்தது. வேதிவினை ஏதும் இல்லை. அதே காரணத்தால்தான் அது ரோலருக்கு ஆகாது. இரண்டாவது பூச்சில் உள்ள தின்னர் முதல் பூச்சை மறுபடியும் கரைத்துவிடுவதால், ரோலர் அதை இழுத்துக்கொண்டு போகும். பூச்சு சமமாகப் படிவதற்குள் காய்ந்தும்விடும்.

எனாமலின் கதை வேறு. அதில் இருக்கும் ஆல்கைட் பிசின், தாவர எண்ணெய் சேர்த்து உருவாக்கப்பட்டது. டர்பன்டைன் சில மணி நேரத்தில் போய்விட்டாலும், எண்ணெய்ப் பகுதி காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு உள்ளுக்குள் இறுக வாரங்கள் ஆகும். இந்த நிதானம்தான் ரோலர் விட்ட தடம் தானாகச் சமமாவதற்கு நேரம் கொடுக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. தடித்த பூச்சு ஒன்றை அடித்தால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே ஆக்சிஜன் போகாமல் அடிப்பகுதி நெகிழ்வாகவே நின்று, மேல்தோல் சுருங்கிவிடும். எனவே மெல்லிய பூச்சுகள் பல அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வெள்ளை, க்ரீம் நிற எனாமல் இருட்டில் கிடந்தால் மஞ்சளாகும்; வெயிலிலேயே கிடந்தால் சில ஆண்டுகளில் பளபளப்பு மங்கி மாவு பூக்கும். மூடிய கொட்டகையில் நிற்கப்போகும் க்ரீம் நிற வண்டிக்கு எனாமல் அவ்வளவு நல்ல தேர்வு அன்று.

டூ-கே பாலியூரிதேனும் ரோலரில் அடிக்கக்கூடியதே. படகுகளுக்கு ரோலரால் உருட்டி, உடனே மென்தூரிகையின் நுனியால் நீவிவிடும் முறை வெளிநாடுகளில் வெகுநாளாக இருக்கிறது. அதற்கென்றே மெதுவாக இறுகும் வகைகளைத் தயாரிக்கிறார்கள். வெயிலையும் பெட்ரோலையும் தாங்குவதில் எனாமல் அதன் அருகில்கூட வராது. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலை ஒருமுறை ஒவ்வாமைக்கு உள்ளாக்கிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் மூச்சிரைப்பு வரலாம். ரோலரில் புகை பறப்பது மிகக் குறைவு என்பது உண்மையே. இருந்தாலும் தோல் வழியாகவும் பாதிப்பு வரும் என்பதால் நைட்ரைல் கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். துணி முகமூடி இதற்குப் பயன்படாது. தொழுவமும் சமையற்கட்டும் ஒட்டியிருக்கும் இடத்தில் டூ-கே வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்று. 1970-ஆம் ஆண்டு வண்டியின் பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐ, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதியே நம் நாட்டில் 2016-இல்தான் வந்தது. ஆகவே பழைய பெயிண்டைத் தண்ணீர் விட்டே தேயுங்கள். வடியும் சேற்றைத் தொழுவத்துப் பக்கம் ஓடவிடாமல் சாக்கில் பிடித்து அப்புறப்படுத்துங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். எனாமல் துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போடுங்கள்.

தருமபுரி பத்மினி எழுதியது:

என் பிரீமியர் பத்மினி ரோலரில் எனாமல் அடித்த வண்டிதான். சில கோடைகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. தெருவில் பார்ப்பவர் யாரும் ரோலர் என்று கண்டுபிடித்ததில்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது அருகில் நின்று பார்த்தால் கூரையில் மெல்லிய அலை தெரியும்; அது தெரியக் கூடாது என்பவர்கள் கன்னுக்குப் போவதே நல்லது.

ரோலர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சுவருக்குப் பயன்படுத்தும் மயிர் ரோலர் ஆகவே ஆகாது. மிக நெருக்கமான துளைகள் கொண்ட ஸ்பாஞ்சு ரோலர் வேண்டும். வாங்கியதும் ஒரு துண்டை டர்பன்டைனில் இரவு முழுவதும் ஊறவைத்துப் பாருங்கள். உப்பிப்போனாலோ உதிர்ந்தாலோ அந்த வகையை விட்டுவிடுங்கள்.

எனாமலில் பத்தில் ஒரு பங்கு டர்பன்டைன் சேர்த்துத் தொடங்கி, தேவைக்கேற்ப ஐந்தில் ஒரு பங்கு வரை போகலாம். கலவை நீர்மோர்ப் பதத்துக்கு வந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்; டின் ஓரத்தில் காய்ந்த ஆடை ஒரு துணுக்கு விழுந்தாலும் பானெட்டின் நடுவில்தான் வந்து உட்காரும். ரோலரைத் தட்டில் நன்றாகப் பிழிந்துவிட்டு, அழுத்தாமல், அதன் சொந்த எடையிலேயே உருட்ட வேண்டும். முதலில் மேற்பரப்பு முழுவதும் பொடிக் குமிழ்களாக இருக்கும். பதறித் திரும்பவும் உருட்டாதீர்கள். கலவை சரியாக இருந்தால் குமிழ்கள் ஒவ்வொன்றாக உடைந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பரப்பு கண்ணாடியாக இழையும். ஓரிரு நிமிடம் கழித்தும் குமிழ் நின்றால் டர்பன்டைன் இன்னும் கொஞ்சம் வேண்டும். விளிம்பில் பெயிண்ட் வடிந்தால் அளவுக்கு மீறிச் சேர்த்துவிட்டீர்கள். நிற்கும் குமிழ்களை, உலர்ந்த மென்தூரிகையை ஏறக்குறைய படுக்கவைத்து ஒரே திசையில் நீவினால் போக்கிவிடலாம்.

முதல் பூச்சு பார்க்கச் சகிக்காது. அடியில் இருப்பது திட்டுத்திட்டாகத் தெரியும். அப்படித்தான் தெரிய வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பூச்சு போதும். இரண்டு பூச்சுக்கு ஒருமுறை, பெயிண்ட் காய்ந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு, 600 அல்லது 800 வாட்டர் பேப்பரை ரப்பர் கட்டையில் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து மேட்டைக் குறைக்க வேண்டும். விளிம்புகளிலும் உடலின் மடிப்புக் கோடுகளிலும் தேய்க்காதீர்கள். அங்கே பூச்சு எப்போதும் மெல்லியதாகவே நிற்கும், இரண்டு இழுப்பில் பிரைமர் தெரிந்துவிடும். ஆறு பூச்சு வரை போனால் கடைசியில் தேய்ப்பதற்குத் தேவையான கனம் கிடைக்கும். ஹெரால்டு அளவு வண்டிக்கு நான்கு லிட்டர் டின் ஒன்றில் பெரும்பாலும் முடிந்துவிடும்.

கடைசிப் பூச்சுக்குப் பிறகு சில வாரம் வண்டியைத் தொடாதீர்கள். மறைவான ஓரத்தில் நகத்தை அழுத்தினால் தடம் விழாத நிலை வந்த பிறகு 1000, 1500, 2000 என்று படிப்படியாகத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டு போடலாம். அவசரப்பட்டு முன்பே தேய்த்தால் பளபளப்பு ஏறாது. பெயிண்ட் தாளில் உருண்டு உருண்டு வரும்.

ஊத்தங்கரை அம்பாசடர் எழுதியது:

ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு எனாமல் அடித்துவிட்டால், அதன் பழைமை மதிப்பே போய்விடாதா? கண்காட்சிக்குக் கொண்டுபோனால் நடுவர்கள் பெயிண்டைத்தானே முதலில் பார்க்கிறார்கள்?

பாலக்கோடு பட்டறை எழுதியது:

கண்காட்சிக்கு என்றால் நான் சொன்ன பதிலே பதில், எனாமல் வேண்டாம். ஆனால் தம்பி கேட்டது வீட்டில் வைத்து ஓட்டும் வண்டிக்கு என்று எனக்குப் படுகிறது. அந்தக் காலத்து வண்டிகளில் ஒற்றை நிறமே வழக்கம் என்பதால், நிறத்தில் பிழை வராது. மெட்டாலிக் நிறமாக இருந்தால் ரோலர் பேச்சுக்கே இடமில்லை. உள்ளே இருக்கும் அலுமினியத் துகள்கள் ரோலர் போன திசைக்கு ஒருவிதமாகச் சாய்ந்து, பட்டை பட்டையாகத் தெரியும். கறுப்பும் அடர்நீலமும் ஒவ்வொரு குறையையும் காட்டிக்கொடுக்கும். வெளிர் நிறங்கள் நிறைய மறைக்கும்.

பிரைமர் பற்றி யாரும் எழுதவில்லையே. பற்றவைத்த புதுத் தகரத்தின் மேல் ரெட் ஆக்சைடு அடித்துவிட்டுப் போவதைவிட, இரண்டு டப்பா கலக்கும் எபாக்சி பிரைமர் அடிப்பது மேல். அதையும் ரோலரிலேயே அடிக்கலாம். பள்ளங்களை நிரப்பும் பட்டி வேலையை அதன் மேல் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் தண்ணீர் விட்டு வழவழவென்று தேய்த்துவிடுங்கள்.

ஒசூர் ரசாயனம் எழுதியது:

அண்ணா, எபாக்சி பற்றி நீங்கள் சொன்னதில் ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும். அதில் உள்ள தின்னர் வீரியமானது என்பதால், வெறும் தகரத்திலும் அதன் ஓரத்திலும் மட்டும் அடிக்க வேண்டும். பழைய எனாமல் இருந்தால் அதன் மேல் ஏறவிடக் கூடாது. பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதில் மட்டும் உங்களோடு மாறுபடுகிறேன். ஹார்டனர் கலக்கும் பாலியெஸ்டர் பட்டி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே பெயிண்ட் அடித்து மூடிய பிறகு, வெயிலில் அந்த ஈரம் வெளியேற வழி தேடிக் கொப்புளமாகக் கிளம்பும். பட்டியை உலர்வாகத் தேய்த்து, பிரைமர் போட்ட பிறகே தண்ணீர் படவேண்டும்.

நம் மாவட்டங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இதோடு சேர்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி போர்வெல் தண்ணீரின் உப்பை நாம் எல்லோரும் அறிவோம். அதிலுள்ள ஃபுளோரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. அந்தப் போர் தண்ணீரில் தேய்த்துவிட்டு அப்படியே காயவிட்டால், தகரத்தில் வெள்ளைத் திட்டாக உப்பு நிற்கும். அதன் மேல் அடித்த பெயிண்ட் வழியாக ஈரப்பதத்தை அந்த உப்பு உள்ளே இழுத்து, சில மாதங்களில் பொடிக் கொப்புளங்களை எழுப்பும். தேய்ப்பதற்குப் போர் தண்ணீர் போதும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒகேனக்கல் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ வைத்துக்கொண்டு, சுத்தமான துணியால் உடனே ஒற்றி எடுங்கள்.

பாலக்கோடு பட்டறை எழுதியது:

பட்டி விஷயத்தில் எங்கள் பக்கம் எல்லோரும் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்கிறோம். பிறகு வெயிலில் நன்றாகக் காயவிட்டு அடிப்பதால் தப்பிக்கிறோம் என்று நினைக்கிறேன். கொட்டகை நிழலில் வேலை செய்பவருக்கு அந்த வசதி இல்லை என்பதால், உலர்வாகத் தேய்ப்பதே பாதுகாப்பு. ஒப்புக்கொள்கிறேன். உப்புத் தண்ணீர் பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் பல பழைய கொப்புளங்களுக்குக் காரணம் காட்டிவிட்டது.

தருமபுரி பத்மினி எழுதியது:

பருவத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். ஆடிக்காற்றில் தொடங்காதீர்கள், கிரானைட் பட்டறை எங்காவது அருகில் இருந்தால் அந்தத் தூள் முழுவதும் உங்கள் பானெட்டில்தான் இறங்கும். சித்திரை வெயிலில் டர்பன்டைன் சட்டென்று பறந்து, குமிழ் உடைவதற்குள் பெயிண்ட் இறுகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் பளபளப்பு மங்கும். தை, மாசி மாதங்களில் பனி விலகிய பிறகு, காலை ஒன்பது மணி அளவில் தொடங்கி நண்பகலுக்குள் முடித்துவிடுவது சரியாக இருக்கும். ஆனால் காவேரிப்பட்டணத்துக்காரரான உங்களுக்கு அதே நேரத்தில் மாந்தோப்பு பூத்திருக்கும். பூங்கொத்தில் இருக்கும் தத்துப்பூச்சி வெளியேற்றும் இனிப்புப் பிசுக்கு, மரத்தடியில் இருக்கும் எதன் மேலும் பொடிப் பொடியாகத் தெளிக்கும். கொட்டகைக்கு மேல் மாங்கிளை படர்ந்திருந்தால், பக்கங்களிலும் பாலித்தீன் தாள் கட்டிவிடுங்கள். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு வேலை செய்தால் புழுதி எழாது. மாலையில் விளக்கைப் போட்டு அடிக்காதீர்கள். அத்தனை பூச்சியும் பெயிண்டில்தான் இருக்கும்.

தலைக்கு எண்ணெய் தடவிய கையோடு தகரத்தைத் தொடுவதும், டாஷ்போர்டுக்கு அடிக்கும் சிலிகான் பாலீஷைக் கொட்டகையில் திறப்பதும் கூடாது. அந்த இடங்களில் பெயிண்ட் ஒட்டாமல் விலகி, மீன்கண் போல் வட்டம் வட்டமாகக் குழி விழும்.

ஊத்தங்கரை அம்பாசடர் எழுதியது:

நிறத்தை மாற்ற எண்ணம் இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள். நிறம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும் விவரம். அதே நிறத்தை அடித்தால் கேள்வியே இல்லை. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். சேஸிஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பதே அதன் நிபந்தனை. பெயிண்ட் அடிப்பது அந்தக் கணக்கில் வராது. ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது.

காவேரிப்பட்டணம் ஹெரால்டு எழுதியது:

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நன்றி. தின்னர் சோதனை செய்து பார்த்தேன். டிக்கி மூடியில் நிறம் கரைந்து துணியில் ஏறியது; இடது பின் கதவில் மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கதவை யாரோ பிற்காலத்தில் தனியாக அடித்திருக்கிறார்கள் போலும்.

இதே நிறத்தில், வெளிர்ப் பச்சையில், எனாமலே அடிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். வண்டியை விற்கும் எண்ணமோ கண்காட்சிக்கு அனுப்பும் எண்ணமோ இல்லை. வருங்காலத்தில் டூ-கேவுக்குப் போக நேர்ந்தால் அடிவரை சுரண்ட வேண்டும் என்ற பட்டறை அண்ணனின் எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டுதான் இறங்குகிறேன். எனாமல் மங்கினால், தேய்த்துவிட்டு அதே எனாமலை நானே மறுபடியும் அடித்துக்கொள்ள முடியும் என்பது எனக்கு அதைவிடப் பெரிய வசதியாகத் தெரிகிறது. கூரை ஒன்றுதான் கழற்றாமல் அடிக்க வேண்டிய பெரிய பரப்பு என்பதால், அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, டிக்கி மூடியில் முதலில் கை பழகப் போகிறேன். தை பிறந்ததும் தொடக்கம்.

இரண்டு சிறிய சந்தேகங்கள் மட்டும் மீதம் இருக்கின்றன. மாஸ்கிங் டேப்பைப் பெயிண்ட் முழுவதும் காய்ந்த பிறகு எடுப்பதா, ஈரத்திலேயே எடுப்பதா? கதவு ரப்பர்களை எப்போது மாட்டலாம்?

தருமபுரி பத்மினி எழுதியது:

ஒவ்வொரு பூச்சுக்கும் புதிய டேப் ஒட்டி, அந்தப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே பெயிண்ட் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்து, மெதுவாக இழுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு எடுத்தால் ஓரம் பிய்ந்துகொண்டு வரும். நம் வெயிலில் பல நாள் விட்டுவைத்தால் டேப்பின் பசையும் தகரத்திலேயே தங்கிவிடும்.

கதவு ரப்பரைப் பெயிண்ட் நன்றாக இறுகிய பிறகே மாட்டுங்கள். நெகிழ்வாக இருக்கும் எனாமலில் ரப்பர் அழுந்தினால் ஒட்டிக்கொண்டு, முதல்முறை கதவைத் திறக்கும்போதே பெயிண்டை உரித்துவிடும். அதுவரை கதவுகளை முழுவதும் மூடாமல், இடையில் ஒரு கட்டைத் துண்டைக் கொடுத்து வையுங்கள்.